உரையை அப்புறம் திறக்கலாம்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் சிறுகதை எழுதுகிறவன். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குறுந்தொகை படிக்கிறோம். வாரத்துக்கு ஒரு பாட்டு. நாலு வரியோ எட்டு வரியோ, ஒன்றுதான். மொத்தம் 401 பாட்டு, கடவுள் வாழ்த்து தனி. இந்த வேகத்தில் போனால் முடிக்க எட்டு வருடம் ஆகும். யாருக்கும் அவசரமில்லை.

போன மாதம் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் அப்பாவோடு முதல்முறையாக வந்திருந்தாள். பாட்டு அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தேன். வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், இது மனப்பாடப் பகுதியா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குற்றப்பத்திரிகை இல்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், நடுவில் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பொதுத்தேர்வு வந்தால் மாலை வகுப்பு. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் நிற்பது தெரியும். உங்களிடம் வேலையைக் கூட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு வேலையைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானும் அந்தப் பெண்ணைப் போலத்தான் படித்தேன். செம்புலப்பெயனீரார் பாட்டை நட்சத்திரக் குறி போட்ட பகுதியாகத்தான் எனக்குத் தெரியும். சீர் பிறழாமல், அடி மாறாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். "செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல" என்று பொருளும் எழுதினேன். நான் வளர்ந்ததே செம்மண்ணில். மழை பெய்தால் எங்கள் தெருவே டீத்தண்ணீர் மாதிரி ஓடும், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை துவைக்கத் துவைக்கப் பழுப்பேறும். அந்தத் தண்ணீருக்கும் இந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டு நோட்டில் இருந்தது, தண்ணீர் தெருவில் இருந்தது.

முப்பது வயதுக்கு மேல் ஒரு கோடை மழையில் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபோதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. மேலிருந்து விழும்வரை அது வெறும் மழை. தரையைத் தொட்ட நொடியில் சிவப்பு. இதில் தண்ணீர் எது, மண் எது என்று யாரும் பிரித்துத் தர முடியாது. 'செம்புலப் பெயல் நீர் போல' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் அடியிலேயே நின்றுவிட்டேன். 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். அப்படியானால் தாய்? அது அவன் தாய், அவள் தாய். அடுத்த அடியிலும் அதே கதை: எந்தை, நுந்தை, மூன்றாவது ஆளுக்குத் தந்தை. எம்பி, நும்பி, தம்பியும் அப்படித்தான். அதாவது, நாம் இன்றைக்கு வீட்டில் சொந்தம் கொண்டாடிச் சொல்கிற தாய், தந்தை, தம்பி எல்லாமே ஒரு காலத்தில் அடுத்தவர் வீட்டு ஆட்களைச் சொல்லப் பிறந்த சொற்கள். என் அம்மாவுக்கும் உன் அம்மாவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழியில், 'அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாரு?' என்று ஒருவன் கேட்கிறான். யாய், ஞாய் என்று சொல்லே பிரித்து வைத்திருக்கிறது. ஐந்தாவது அடியில் நெஞ்சம் கலந்துவிடுகிறது. இதை உங்கள் வகுப்பில் ஒரு பீரியட் பேசினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் 'ஞாய் எப்படி இருக்காங்க?' என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் நூலகத்தில் அதுதான் நடந்தது.

எழுதுகிறவனுக்கு இந்தப் பாட்டுகளில் கிடைப்பது வேறு ஒரு சந்தோஷம். கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.'

புதுக்குடித்தனம். கெட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்திருக்கிறாள், அந்தச் சேலையை மாற்றவில்லை. கண்ணெல்லாம் தாளிப்புப் புகை. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. அவன் சாப்பிடுகிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. இவ்வளவுதான் பாட்டு.

நூலகத்தில் இதைப் படித்தபோது, சேலையில் கை துடைத்ததை அவளுடைய அனுபவக் குறைவு, செல்லமாக வளர்ந்த பெண் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற ஓர் அம்மா எங்களோடு வந்து உட்காருவார். அவர் குறுக்கிட்டார். "அதெல்லாம் இல்ல சார். அடுப்புல எண்ணெ காஞ்சிருச்சு. கை கழுவப் போனா கடுகு கருகிரும். துடைச்சுக்கிட்டுத் தாளிச்சுக் கொட்டிட்டா. புகை கண்ணுல ஏறுதுன்னு அடுத்த வரியிலயே இருக்குல்ல?" இருக்கத்தான் இருக்கிறது. இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில் ஓர் அவசரம் ஓடுவதை இத்தனை வருடமாக நான் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்றவர் ஒரே நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கோபம். "அவன் நல்லா இருக்குன்னு சொன்னானா, சும்மா சாப்பிட்டானா? 'இனிதென' அப்படின்னா என்ன சார்?" வாய்விட்டு 'இனிது' என்றானா, இனிது என்று எண்ணியபடி தின்றானா? அந்த ஒரு சொல்லின் மேல் முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், "நாப்பது வருசத்துல நான் ஒருநாளும் சொன்னதில்லம்மா, ஆனா மிச்சம் வச்சதுமில்ல" என்றார். அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை தெரியவில்லை.

எனக்கு அன்றைக்குக் கிடைத்தது கடைசி அடி. நான் எழுதியிருந்தால் 'அவள் உள்ளுக்குள் மகிழ்ந்தாள்' என்று எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன், பல கதைகளில், வெட்கமாக இருக்கிறது. கூடலூர் கிழார் அவள் உள்ளுக்குள் போகவே இல்லை. மகிழ்ந்தது முகம். ஏனென்றால் இதைச் சொல்வது செவிலித்தாய். மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்கிறாள். அவளால் முகத்தைத்தான் பார்க்க முடியும். அதிலும் வளர்த்தவள் என்பதால் 'நுண்ணிதின்' வரை பார்க்க முடிகிறது, வேறு யாராவது பார்த்திருந்தால் அந்த மகிழ்ச்சி கண்ணிலேயே பட்டிருக்காது. கதையை யார் சொல்கிறார்கள், அவருக்கு எவ்வளவு தெரியும், அதற்கு மேல் ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்பதெல்லாம் எழுத்துப் பட்டறைகளில் நாங்கள் நாள் முழுக்கப் பேசுகிற விஷயம். நீங்கள் 'கூற்று: செவிலி' என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதுகிறீர்களே, அதற்குள் அத்தனையும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் போய்ச் சேர்கிறது.

இன்னொரு ஞாயிறு, ஓரேருழவனார் பாட்டு. 131. தலைவி இருக்கும் ஊர் வெகு தொலைவில். திரும்பி வருகிறவன் தன் நெஞ்சின் தவிப்பைச் சொல்கிறான்:

'ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து
ஓரேர் உழவன் போலப்
பெருவிதுப் புற்றன்றால் நோகோ யானே.'

ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவன். ஏழை உழவனின் தவிப்பு என்று சொல்லிவிட்டு நான் அடுத்த அடிக்குப் போகப் பார்த்தேன். கடலைச் சாகுபடி செய்கிற ஒருவர் கையைத் தூக்கினார். "செவ்வின்னா பதம் சார். மழை பேஞ்ச அன்னிக்கு ஏர் இறங்காது, சேறு. நாலாம் நாள் காஞ்சு இறுகிரும். நடுவுல ரெண்டு நாள்தான். ஊருல எல்லாரும் அதே ரெண்டு நாள்லதான் உழுவான், எவன் ஏரு குடுப்பான்? இப்பவும் டிராக்டர்காரன் நாளைக்குன்னுதான் சொல்றான்." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவன் ஏழைன்னு சொல்லல சார் பாட்டு. நேரம் போயிருமேன்னு பதறுறான்னு சொல்லுது" என்றார். விதுப்பு என்ற சொல்லுக்கு அகராதியில் விரைவு, நடுக்கம், வேட்கை என்று பல பொருள் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

அந்தப் புலவருக்குப் பேரே தெரியவில்லை. ஓர் உவமையை எழுதிவிட்டுப் போனார், உவமையே பேராகிவிட்டது. செம்புலப்பெயனீராரும் அப்படி. அணிலாடுமுன்றிலார், குப்பைக்கோழியார், விட்டகுதிரையார், மீனெறிதூண்டிலார், கல்பொருசிறுநுரையார். வகுப்பில் இந்தப் பேர்களை மட்டும் படித்துக் காட்டிப் பாருங்கள். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இருக்கும் பெரிய பேராசை இதுதான்: பேர் போய் ஒரு தொடர் மட்டும் நிற்பது. அதுவும் குப்பைக் கோழி என்று நின்றால் இன்னும் நல்லது.

பாடம் சொல்ல உட்கார்ந்தவன் பாடம் கேட்டுக்கொண்டு வருவது எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் உ.வே.சா.வை நினைத்துக்கொண்டேன். 1880. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது, வயது இருபத்தைந்து. அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. கேட்டவர் தமிழ்ப் பேராசிரியர் இல்லை, நீதிமன்றத்தில் உட்காருகிற அதிகாரி என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு உ.வே.சா. செய்ததுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. சிந்தாமணியில் சமணச் செய்திகள் புரியாமல் தட்டியபோது, கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் கோலமும் மாவிலைத் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்த நாள் என்றார்களாம். கல்லூரி ஆசிரியருக்குப் புரிபடாத நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் தோரணம் கட்டிக் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வந்தது. குறுந்தொகைக்கு அவர் உரை எழுதி வெளியிட்டது 1937இல், எண்பத்திரண்டு வயதில்.

அந்த 1937 பதிப்புக்கு வேறொரு கதையும் உண்டு. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப்போன கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே.ராமானுஜன் கையில் அது சிக்கியது. தரையிலேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். செம்புலப் பெயல் நீர் ஆங்கிலத்துக்குப் போன வழி அதுதான். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர், தன் வீட்டுச் சொத்தை அமெரிக்காவில் ஒரு நிலவறையில் கண்டெடுத்தார். நம் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, புத்தகம் பையிலேயே இருக்கிறது. ஆனால் தேடிப்போய் எடுக்கிற சந்தோஷம் பையில் இருப்பதால் போய்விடுகிறது. அதை நீங்கள் மட்டும்தான் திருப்பித் தர முடியும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாதத்தில் ஒரு பீரியட். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு குறும்பாட்டு. திணை, துறை, ஆசிரியர் குறிப்பு, இலக்கணக் குறிப்பு எதுவும் முதலில் வேண்டாம். "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே" என்று தொடங்கவும் வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து காதை மூடிக்கொள்கிறார்கள். பாட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். தெரிந்த சொல் எது என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் உரையைத் திறங்கள்.

உரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானே மாட்டிக்கொள்வேன். வெள்ளிவீதியாரின் 58ஆம் பாட்டில் 'கையில் ஊமன் கண்ணிற் காக்கும் வெண்ணெய் உணங்கல் போல' என்று வருகிறது. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய், காவலுக்கு ஓர் ஊமை. 'கையில்' என்பதை நான் கையிலே என்றே படித்துக்கொண்டு போனேன். ஊமையின் கையில் ஏதோ இருக்கிறது, கம்போ கல்லோ என்று. ஆனாலும் உறுத்தியது. கையில் கம்பு இருந்தால் கண்ணால் ஏன் காக்க வேண்டும்? இரண்டு நாள் கழித்து உரையைத் திறந்தேன். கை இல் ஊமன். கை இல்லாத ஊமை. தூக்கி வைக்கக் கை இல்லை, ஆளைக் கூப்பிட வாய் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காமநோய் அப்படிப் பரவுகிறது என்கிறான் தலைவன், இடித்துரைக்க வந்த நண்பனிடம். ஓர் ஆணின் வாயில் ஒரு பெண்பாற் புலவர் வைத்த பேச்சு. அந்த மூன்றெழுத்துப் பிளவைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உரையை முதலிலேயே படித்திருந்தால் 'கையில் ஊமன் - கையில்லாத ஊமை' என்று அடிக்கோடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.

குறுந்தொகைக்குப் பழைய உரையே நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் 380 பாட்டுக்கும், அவர் விட்ட 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியரும் எழுதினார்கள் என்பார்கள். இரண்டும் போய்விட்டன. உ.வே.சா.வும் பழைய உரை கையில் இல்லாமல்தான் இந்தப் பாட்டுகளின் முன் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைகளும் உட்காரட்டுமே.

கடைசியாக ஒரு செய்தி. கபிலரின் 25ஆம் பாட்டை மூன்று மாதத்துக்கு முன் படித்தோம். அவன் என்னைக் கூடிய அன்று சாட்சி யாருமில்லை, 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால' குருகு, அதாவது கொக்கு, ஒன்று இருந்தது, அதுவும் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று தலைவி சொல்கிறாள். தினைத்தாள் எப்படி இருக்கும் என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் இப்போது தினை போடுவாரில்லை. அவன் வீட்டில் வளர்க்கும் லவ்பேர்ட்ஸ் தீனிப் பையிலிருந்து ஒரு பிடி தினையை எடுத்து ஒரு பெயிண்ட் டப்பாவில் விதைத்தான். தாள் விட்டதும் டப்பாவோடு நூலகத்துக்குக் கொண்டுவந்தான். அடுத்த ஞாயிறு எல்லோருமாகக் கண்மாய்க் கரைக்குப் போய், மடையான் கொக்கு ஒன்று நிற்பதைப் பார்த்து, அதன் காலையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அதே மெலிவு, அதே மஞ்சள் கலந்த பச்சை. மடையான் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டப்பா இப்போது நூலக ஜன்னலில்தான் இருக்கிறது. கதிர் விட்டிருக்கிறது. கிளி எதுவும் வரவில்லை, அணில்தான் வருகிறது. விரட்டுவதற்குப் பிள்ளைகள் முறை போட்டிருக்கிறார்கள். மனப்பாடப் பகுதியா என்று கேட்ட பெண்ணுக்கு வரும் ஞாயிறு முறை.

அன்புடன்,
ஒரு சிறுகதைக்காரன்